கட்டை விரலின் விலை

ஏகலைவன் தன் வலக்கைக் கட்டை விரலை அறுத்துத் துரோணரின் காலடியில் வைத்த கதையை அறியாத குழந்தை நம் நாட்டில் இல்லை. மற்ற ஒன்பது விரல்களும் அவனிடம் இருந்தன. ஆயினும் நாணை இழுக்கிற வில்லாளிக்கு அந்த ஒரு விரலே முதல். அது போன பின் பழைய வேகம் அவனுக்குத் திரும்பவில்லை. துரோணர் அதற்கு ஈடாக ஒரு காசு கொடுத்ததாகவும் பாரதம் சொல்லவில்லை.

இந்நாளில் விரலைக் கேட்பவர் துரோணர் அல்லர். கோயம்புத்தூர்ப் பட்டறையிலே பவர் பிரஸ் கேட்கிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் தகடு வெட்டும் இயந்திரம் கேட்கிறது. மர அறுவை மில்லில் வட்ட ரம்பம் கேட்கிறது. சிவகாசியில் மருந்து வெடித்துக் கையையே கேட்கிறது. கொடுக்கிறவன் மட்டும் அன்று போலவே ஏழைதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. போன அங்கத்துக்கு ஈடு கொடுத்தே தீர வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்குத் திட்டமான வாய்பாடும் இருக்கிறது. அந்த வாய்பாடு தெரியாத குடும்பம், லட்சக் கணக்கில் வர வேண்டிய தொகைக்குப் பதிலாகச் சில ஆயிரங்களை வாங்கிக் கொண்டு, கொடுத்தவரை வாழ்த்திவிட்டு வீடு திரும்புகிறது. பெருக்கலும் நூற்று வீதமும் கற்ற பள்ளிச் சிறுவன் போடக் கூடிய கணக்குத்தான் இது. ஆகையால் இவ்வாரம் வாசகர்களுடன் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

சட்டம் பிறந்த கதை

முற்காலத்தில் ஆலையிலே கை போனவன் நஷ்டஈடு பெற வேண்டுமானால், முதலாளியின் குற்றத்தினால்தான் கை போயிற்று என்று நியாயஸ்தலத்தில் ருசுப்படுத்த வேண்டியிருந்தது. வக்கீலுக்குப் பணம் ஏது? சாட்சி சொல்ல வருகிற கூட்டாளிக்கு மறுநாள் வேலை ஏது? "உடன் வேலை செய்தவனின் அஜாக்கிரதை, நான் என்ன செய்வேன்?" என்று முதலாளி சொல்லிவிட்டால், ஆங்கில நியாயஸ்தலங்கள் அதையும் ஏற்றுக் கொண்டு வந்தன.

இந்த முறையை முதலில் மாற்றியது ஜெர்மனி. 1884-ம் வருஷத்தில் அங்கே தொழில் விபத்து இன்ஷூரன்ஸ் சட்டம் ஏற்பட்டது. இங்கிலாந்தில் 1897-ல் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் அடிப்படைக் கொள்கை ஒன்றே: தொழிலின் லாபத்தை அடைகிறவர் அத்தொழிலின் அபாயத்தையும் சுமக்க வேண்டும். பஞ்சு வாங்கும் செலவைப் போலவும், அறுந்த பெல்ட்டை மாற்றும் செலவைப் போலவும், ஊனமுற்ற தொழிலாளிக்குக் கொடுக்கும் ஈடும் தொழிலின் செலவுதான். அதைக் கொடுப்பது தானம் அல்ல; யார் மேல் குற்றம் என்ற விசாரணையும் அதற்குத் தேவையில்லை.

நம் நாட்டுக்கு இந்தக் கொள்கை வந்து சேர ஆங்கில நாட்டுக்குப் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இடையில் நம் தொழிலாளரே விழித்துக் கொண்டார்கள். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் வேலை நிறுத்தத்தில் வ.உ.சி. முன் நின்றார். 1918-ல் வாடியாவும் திரு. வி. க.வும் நின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதே வருஷத்தில் ஆமதாபாத் ஆலைத் தொழிலாளருக்காகக் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். 1923-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. அந்த மே மாதம் முதல் தேதியன்றுதான் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். சட்டம் 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது.

அந்நிய ஆட்சியில் பிறந்த அந்தச் சட்டம் கையைக் கொஞ்சம் இறுக மூடியே கொடுத்தது. முழு ஊனத்துக்கு 42 மாதக் கூலி அல்லது ரூ. 3,500, இவற்றில் எது குறைவோ அது. கட்டை விரல் போனால் அதில் நூற்றுக்கு 25. ஆள்காட்டி விரலுக்கு 10. மற்ற விரல் ஒவ்வொன்றுக்கும் 5. மாதம் முப்பது ரூபாய் வாங்கியவனின் கட்டை விரல் ரூ. 315 பெறும்.

சுயராஜ்யம் வந்த பின் இந்த அளவுகள் பல முறை திருத்தப்பட்டன. 1984-ல் தொழிலாளியின் வயதையும் கணக்கில் சேர்க்கும் புது வாய்பாடு வந்தது. 1995-ல் அது இன்னும் தாராளமாயிற்று. 2010-ல் "தொழிலாளி" என்ற சொல்லுக்குப் பதில் "பணியாளர்" என்ற விரிந்த சொல் சட்டத்தின் பெயரிலேயே ஏறியது. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்து, பழைய 1923 சட்டத்தைத் தன்னுள் அடக்கிக் கொண்டது. ஆயினும் நாம் இங்கே பார்க்கப் போகும் வாய்பாடு அதில் மாறவில்லை.

மூன்று எண்கள்

நிரந்தர ஊனத்துக்கு ஈடு கணக்கிட மூன்றே எண்கள் வேண்டும். முதலாவது, மாதக் கூலி. இரண்டாவது, வயதுக்கு ஏற்ற காரணி. மூன்றாவது, சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு எத்தனை பங்கு போயிற்று என்ற விகிதம்.

கூலியில் நூற்றுக்கு 60 பங்கை எடுத்துக் கொள்ளுங்கள். அதை வயதின் காரணியால் பெருக்குங்கள். வருவது முழு ஊனத்துக்குரிய தொகை. பகுதி ஊனமானால் அந்தத் தொகையில் ஊன விகிதத்தை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். கணக்கு முடிந்தது.

ஓர் உதாரணம். முப்பது வயது வாலிபன்; மாதக் கூலி ரூ. 15,000, பிரஸ்ஸில் கட்டை விரல் முழுவதும் போயிற்று. கூலியில் நூற்றுக்கு 60 ரூ. 9,000. முப்பது வயதுக்குக் காரணி 207.98. பெருக்கினால் ரூ. 18,71,820. கட்டை விரலுக்குச் சட்டம் சொல்லும் விகிதம் நூற்றுக்கு 30. ஆகவே அவனுக்குச் சேர வேண்டியது ரூ. 5,61,546.

ஆஸ்பத்திரிப் படுக்கையருகே வந்து, "செலவுக்கு வைத்துக் கொள் அப்பா" என்று ஒரு கவரை நீட்டுகிற நல்லவர்களை நாம் குறை கூறவில்லை. அந்தக் கவரோடு ஒரு காகிதமும் கையெழுத்துக்கு வருமானால், இந்த ஐந்து லட்சத்து அறுபத்தோராயிரத்தை நினைத்துக் கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

இனி மூன்று எண்களையும் தனித் தனியே பார்ப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

கூலி

கூலி எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக் கொள்ள ஓர் உச்சவரம்பு உண்டு. 2000-ம் வருஷக் கடைசியில் அது ரூ. 4,000 ஆயிற்று, 2010-ல் ரூ. 8,000, 2020 ஜனவரி 3 முதல் ரூ. 15,000. அந்த வரம்பின்படி மாதம் ரூ. 18,000 வாங்குகிறவனும் பதினையாயிரம் வாங்குகிறவனாகவே எண்ணப்படுவான். மேற்படி வாலிபனின் கூலி பதினெண்ணாயிரமாக இருந்து வரம்பும் இல்லாதிருந்தால் ரூ. 6,73,855 வந்திருக்கும். ரூ. 1,12,309-ஐ வரம்பு விழுங்கிவிடுகிறது. அரிசி விலையும் வாடகையும் ஆண்டுதோறும் ஏறும்போது, இந்த எண் மட்டும் 2010 முதல் பத்து வருஷம் அசையாமல் நின்றதை நாம் நியாயம் என்று சொல்ல முடியாது.

வரம்பாவது எல்லாருக்கும் பொது. பதிவேட்டுப் பள்ளம் அதைவிட ஆழமானது. பதினையாயிரம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் ஒன்பதாயிரம் என்று எழுதும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மாதாமாதம் முழுப் பணம் கைக்கு வருகிறவரையில் தொழிலாளி அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. விரல் போன அன்றுதான் பதிவேடு பேசத் தொடங்குகிறது. ஒன்பதாயிரத்துக்குக் கணக்குப் போட்டால் நம் வாலிபனுக்கு ரூ. 3,36,927 தான் வரும். ஒரு பேனாவின் கோட்டில் இரண்டேகால் லட்சம் போய்விட்டது.

கூலியைச் சிறிதாக எழுதிப் பல படிகளாகப் பிரித்துக் கொடுக்கும் தந்திரத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு ஓரளவு அணை போட்டிருக்கிறது. கூலியில் சேராத படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்டால், மேற்பட்ட பகுதி கூலியாகவே கொள்ளப்படும். ஆனால் எழுதாத பணத்துக்கு எந்தச் சட்டமும் தானாகச் சாட்சி சொல்லாது. சம்பளச் சீட்டு, பாங்குக் கணக்கு, வருகைச் சீட்டு இவைதாம் அதற்குச் சாட்சி.

வயது

முப்பது வயதுக்காரனுக்கு இன்னும் முப்பது வருஷ உழைப்பு இருக்கிறது. அது 360 மாதம். காரணி மட்டும் ஏன் 207.98? மாதாமாதம் வர வேண்டியதை முழுவதும் ஒரே தடவையாக இன்றே கொடுப்பதால், அது ஈட்டக் கூடிய வட்டியைக் கழித்து இந்த அட்டவணையை அமைத்திருக்கிறார்கள். பதினாறு வயது வரை காரணி 228.54, இருபதுக்கு 224, நாற்பதுக்கு 184.17, ஐம்பதுக்கு 153.09, அறுபத்தைந்தும் அதற்கு மேலும் 99.37. அதே கூலியில் அதே விரலை ஐம்பதாவது வயதில் இழந்தவனுக்கு ரூ. 4,13,343 கிடைக்கும். இளைஞன் இழப்பது அதிக வருஷங்களை. ஆகவே ஈடும் அதிகம்.

கடைசியாக நிறைந்த வயதே கணக்கு. பள்ளிச் சான்றிதழில் ஒரு வயதும் ஆதார் அட்டையில் மற்றொரு வயதும் இருந்தால் எதிர்க்கட்சிக்கு ஒரு வாதம் கிடைத்துவிடும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தோராயமாக ஒரு தேதியைச் சொல்லிவிடும் பெற்றோர், அத்தேதி பின்னால் பணமாகப் பேசும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

விகிதம்

மூன்றாவது எண்ணே எல்லாவற்றிலும் முக்கியமானது. சட்டத்தின் அட்டவணையில் மனித உடல் பகுதி பகுதியாக எழுதப்பட்டிருக்கிறது. படிக்க மனம் கூசினாலும் படித்து வைத்துக் கொள்வது நல்லது.

இரண்டு கைகளும் போதல். ஒரு கையும் ஒரு பாதமும் போதல். கண் பார்வை தேவையான எந்த வேலையும் செய்ய முடியாதபடி பார்வை போதல். காது முற்றும் செவிடாதல். முகம் மிகக் கொடூரமாகச் சிதைதல்: நூற்றுக்கு 100.
தோள் மூட்டோடு கை போதல்: 90.
ஒரு கை மணிக்கட்டோடு போதல், அல்லது ஒரு கையின் ஐந்து விரல்களும் போதல்: 60.
கட்டை விரல் நீங்கலாக நான்கு விரல்கள்: 50. மூன்று விரல்கள்: 30. இரண்டு விரல்கள்: 20.
கட்டை விரல்: 30. அதன் நுனிக் கணு மட்டும்: 20.
ஆள்காட்டி விரல்: 14. நடு விரல்: 12. மோதிர விரல் அல்லது சுண்டு விரல்: 7.
மற்றக் கண் நன்றாயிருக்க, ஒரு கண் போதல்: 40. விழி கெடாமல் ஒரு கண்ணின் பார்வை மட்டும் போதல்: 30.

ஒரே விபத்தில் இரண்டு காயம் பட்டால் இரண்டு விகிதங்களையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை நூற்றைத் தாண்டக் கூடாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போனால் 44. நம் வாலிபனின் கணக்கில் அது ரூ. 8,23,600 ஆகிறது. அங்கம் அறுந்து விழ வேண்டும் என்பதும் இல்லை. இருந்தும் நிரந்தரமாக முற்றிலும் உபயோகமற்றுப் போன விரல், போன விரலாகவே மதிக்கப்படும். முதுகெலும்பு நொறுங்குதல் போன்ற, அட்டவணையில் இல்லாத காயங்களுக்குத் தகுதி பெற்ற வைத்தியர் விகிதத்தை நிர்ணயிக்க வேண்டும். அவர் நிர்ணயிக்க வேண்டியது உடலில் எவ்வளவு பழுது என்பதையன்று. சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு நஷ்டம் என்பதை. வைத்தியச் சான்றிதழில் இந்த இரண்டும் குழம்பிவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஒரு தச்சரின் வழக்கு

இங்கே வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். சுண்டு விரல் போனால் மூட்டை தூக்குகிறவனுக்கும் வீணை வாசிக்கிறவனுக்கும் ஒரே நஷ்டமா? அட்டவணை இருவருக்கும் ஏழுதானே சொல்கிறது?

இந்தக் கேள்விக்கு 1976-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஒரு தீர்ப்பு வழிகாட்டுகிறது. ஒரிஸாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்து கொண்டிருந்த தச்சர் ஒருவர் 1968-ல் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேல் எடுத்துவிட வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி அது பகுதி ஊனம். நூற்றுக்கு 70 என்று முதலாளி தரப்பில் வாதித்தார்கள். ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியுமா? உளியைப் பிடிக்க ஒரு கை, கொட்டாப்புளியைப் பிடிக்க ஒரு கை வேண்டாமா? விபத்து நேர்ந்தபோது செய்யக் கூடியவராயிருந்த வேலைக்கு அவர் முற்றும் லாயக்கற்றவராகிவிட்டபடியால் இது முழு ஊனமே என்று கமிஷனர் முடிவு செய்தார். சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதிப்படுத்தியது. நஷ்டஈடு தீர்ப்பு நாளிலிருந்து அன்று, விபத்து நாளிலிருந்தே சேர வேண்டிய கடன் என்றும் அத்தீர்ப்பு சொல்லிற்று.

நம் வாலிபனின் எண்களில் எழுபதுக்கும் நூறுக்கும் உள்ள வித்தியாசம் ரூ. 5,61,546. தற்செயலாக அது அவனுடைய கட்டை விரலின் முழு விலை! ஆகவே மனுவில் "கை போயிற்று" என்று மட்டும் எழுதினால் போதாது. அந்தக் கை என்ன வேலை செய்து கொண்டிருந்தது, இப்போது எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பதை எழுத வேண்டும். அட்டவணை உடலை அறியும். தொழிலை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இ. எஸ். ஐ. உள்ளவர்களுக்கு

தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ், அதாவது இ. எஸ். ஐ., சட்டம் 1948-ல் வந்தது. அதில் சேர்ந்தவர்களுக்கு முதலாளியிடமிருந்து மொத்தத் தொகை கிடையாது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. அதற்குப் பதில் ஆயுள் உள்ள அளவும் உதவித் தொகை வரும். சராசரித் தினக் கூலியில் நூற்றுக்கு 90 பங்கு முழு ஊனத்துக்கு. பகுதி ஊனமானால் அதில் விகிதம். தினம் ரூ. 600 வாங்கியவன் கட்டை விரலை இழந்தால், 540-ல் நூற்றுக்கு 30, தினம் ரூ. 162. விகிதத்தை நிர்ணயிப்பது வைத்திய போர்டு. அதன் முடிவு திருப்தியில்லாவிட்டால் மேல் முறையீடு உண்டு. மொத்தமாய் வந்து கரைந்து போகும் பணத்தைவிட இது பல குடும்பங்களுக்கு க்ஷேமமானது. ஆனால் சம்பளத்தில் சந்தா பிடித்தார்களா, பிடித்ததைக் கட்டினார்களா, இன்ஷூரன்ஸ் எண் கையில் இருக்கிறதா என்று விபத்துக்கு முன்பே பார்த்து வைக்க வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியது

முதலாவது, விபத்து நடந்த உடனே எழுத்து மூலம் அறிவியுங்கள். தேதி, நேரம், இயந்திரம், உடனிருந்தவர் எல்லாவற்றையும் எழுதி, நகல் ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள். 1923 சட்டம் மனுவுக்கு இரண்டு வருஷ அவகாசம் கொடுத்தது. ஆனால் காலம் போகப் போகச் சாட்சியும் ஊர் போய்விடும்.

இரண்டாவது, "உன் அஜாக்கிரதைதான் காரணம்" என்ற பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். வெறும் அஜாக்கிரதை ஈட்டைத் தடுக்காது. குடித்திருந்தாலோ, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறினாலோ, இயந்திரத்தின் காப்பை வேண்டுமென்றே கழற்றினாலோதான் முதலாளிக்கு விலக்கு உண்டு. உயிர் போனாலும் முழு நிரந்தர ஊனம் ஏற்பட்டாலும் அந்த விலக்குக் கூடக் கிடையாது.

மூன்றாவது, "இவன் காண்டிராக்டரின் ஆள்" என்று சொல்லிக் கதவை மூட முடியாது. எந்த ஸ்தாபனத்தின் வேலையில் காயம் பட்டதோ அதனிடமே ஈட்டைக் கேட்கலாம். அந்த ஸ்தாபனம் காண்டிராக்டரிடம் பின்னர் வசூலித்துக் கொள்ளட்டும். பீஹாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்து நம் ஊர்களில் உழைக்கும் சகோதரர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டில் இருக்கும் நம் கடமை. பாஷை தெரியாதவனின் விரலுக்கு விலை குறைவு என்று எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

நான்காவது, ஆஸ்பத்திரிச் செலவை ஈட்டில் கழிக்கக் கூடாது. வைத்தியத்துக்காக முதலாளி கொடுத்த பணம் நஷ்டஈடு ஆகாது என்று சட்டமே சொல்கிறது.

ஐந்தாவது, "இனி எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்த காகிதம், சட்டம் தந்த உரிமையைக் குறைக்கும் அளவில் செல்லாது. மொத்தத் தொகைக்கு உடன்படிக்கை செய்து கொண்டால் அதைக் கமிஷனரிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும், தொகை போதாது என்று கண்டால் அவர் பதிவை மறுக்கலாம் என்றும் பழைய சட்டம் வைத்திருந்தது. தொகையைக் காலத்தில் கொடுக்காதவருக்கு அச்சட்டம் நூற்றுக்கு 12 வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் விதித்தது. புதிய தொகுப்பிலும் வட்டி, அபராதம் இரண்டும் உண்டு.

விலை இல்லாத பொருள்

இவ்வளவு கணக்கும் போட்ட பின் ஒன்று சொல்ல வேண்டும். ரூ. 5,61,546 கட்டை விரலின் விலை அன்று. அந்தப் பணத்தைக் கொண்டு ஒருவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கொள்ள முடியாது. குழந்தையின் கையில் பென்சிலைப் பிடித்து "அ" எழுதிக் காட்ட முடியாது. சட்டம் மதிப்பது அவனுடைய சம்பாத்தியத்தை மட்டுமே. வலியையும் வெட்கத்தையும் அது மதிப்பதில்லை.

ஆகையால் கணக்கை ஆஸ்பத்திரியில் தொடங்குவதைவிடப் பட்டறையில் தொடங்குவது மேல். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினாலொழிய இறங்காத பிரஸ்கள் இருக்கின்றன. அபாயமான இயந்திரத்துக்குக் காப்பு வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. உற்பத்தி குறையும் என்று அந்தக் காப்பைக் கழற்றி வைக்கும் மேஸ்திரியும், அதைக் கண்டும் காணாதிருக்கும் முதலாளியும் மேலே போட்ட கணக்கை ஒரு தடவை தம் கையாலேயே போட்டுப் பார்க்கட்டும். முதலாளி தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தா என்று காந்தியடிகள் போதித்தார். தர்மகர்த்தாவுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொழிலாளியின் வீட்டிலும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்கட்டும். இந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சம்பளச் சீட்டுகளோடு பெட்டியில் வைத்துக் கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கு ஒரு மாலை படித்துக் காட்டுங்கள். அதற்கு அவசியம் நேராமலே இந்தக் காகிதம் பெட்டிக்குள் பழுப்பேறிப் போகுமானால், அதைவிட நாம் விரும்புவது வேறொன்றும் இல்லை.